மிச்சம் பார்க்கும் மேடம்

சாப்பிட்டு முடித்த தட்டை யாராவது எட்டிப் பார்த்தால் நமக்குக் கூச்சமாக இருக்கும். மேடம் அதைத்தான் முதலில் பார்ப்பார். ஒருநாள் மத்தியானம் டிபன் டப்பாவோடு கை கழுவப் போன என்னை நிறுத்தி, உள்ளே பார்த்து, "கத்திரிக்காயை ஒதுக்கிட்டேளே. பிடிக்காதா, வயிறு ரொம்பிடுத்தா?" என்று கேட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டாம். பிடிக்காமல் வைத்தது நாக்கு சம்பந்தப்பட்டது, நிறைந்து வைத்தது ரத்தம் சம்பந்தப்பட்டது. அந்தக் கத்திரிக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"போச்சு. நான் கேட்டதாலயே அளவு மாறிடுத்து" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார்.

சால்ட் லேக் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில், எலிகள் வைத்திருக்கும் பகுதியில் எனக்கு வேலை. தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது. கிடர்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மனிதர்களோடு அதிகம் பேச வேண்டியிராத வேலை என்பதே எனக்கு இதில் பெரிய வசதி. எலிகளோடு பேசுவேன். தமிழில்தான். வங்காளமும் இந்தியும் வெளியே போகும்போது போட்டுக்கொள்ளும் சட்டை மாதிரி.

மேடம் அங்கே வந்த புதிதில் என்னிடம் வங்காளத்தில்தான் பேசினார். பாலிகஞ்சில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், தாத்தா ஏதோ கம்பெனியில் பெரிய அதிகாரி என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. ஒருநாள் கூண்டு மாற்றும்போது, "நகரு ராசா, வால் மாட்டிக்கும்" என்று ஓர் எலியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து தமிழில் குரல் வந்தது.

"எலிக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது மேடம்."

"எனக்குத் தெரியும். என்னண்டையும் ரெண்டு வார்த்தை பேசலாம்."

அதற்குப் பிறகு அவர்தான் பேசினார். நான் கேட்டுக்கொண்டேன். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிற்று.

அவருடைய ஆராய்ச்சியை எனக்குச் சொல்ல அவர் ஒருபோதும் அலுத்துக்கொண்டதில்லை. வலது வரிசையில் பன்னிரண்டு கூண்டு, இடது வரிசையில் பன்னிரண்டு. கூண்டுக்கு ஓர் எலி. வலது வரிசைக்கு வனஸ்பதி கலந்த உருண்டையும் குடிக்கச் சர்க்கரைத் தண்ணீரும். அதற்கு டயட் குரூப் என்று பெயர். இடது வரிசைக்குப் பெல்லட் எனப்படும் உலர்ந்த தீனிக் கட்டியும் வெறும் தண்ணீரும். அது கண்ட்ரோல். பன்னிரண்டு வாரம் இப்படியே போகும். கடைசியில் ரத்தம் எடுத்து, எந்த ஹார்மோன் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

"வயிறு பெருக்கறது, சர்க்கரை, பிரஷர், ரத்தத்துல கொழுப்பு. நாலும் கூட்டாளி. ஒண்ணு வந்தா மத்ததுக்கும் கதவைத் திறந்து விட்டுடும்" என்பார். "இன்சுலின் இருக்கே, அது வீடு வீடாக் கதவைத் தட்டற ஆள். சர்க்கரை வந்திருக்கு, உள்ள எடுத்துக்கோங்கோன்னு சொல்லும். நாள் பூரா தட்டினா யார் திறப்பா? திறக்கலைன்னா இன்னும் பலமாத் தட்டும். அதான் ரத்தத்துல இன்சுலின் ஏறிண்டே போறது."

"மூளைக்குச் சொல்றதுன்னு வேற ஒண்ணு சொன்னீங்களே மேடம்."

"லெப்டின். அது கொழுப்புலேர்ந்து வர்றது. போறும், கையலம்புன்னு மூளைக்குச் சொல்லும். கொழுப்பு ஏற ஏற அதுவும் கத்திண்டே இருக்கும். நாள் பூரா கத்தற மாமியாரை யார் காதுல வாங்கிப்பா?"

"எங்க மாமியார் ரொம்ப மெதுவாப் பேசுவாங்க மேடம்."

"அப்போ உங்காத்துல எல்லாரும் அளவாச் சாப்பிடுவா" என்றார் சிரிக்காமல்.

இதற்கெல்லாம் அடிப்படை ஒரு நீளமான பதிவேடு. அதில் நான்கு பத்தி: தேதி, கூண்டு எண், வைத்தது, மிச்சம். தினமும் காலையில் கூண்டில் மீந்த தீனியை, மரத்தூளில் சிந்தியதையும் பொறுக்கிச் சேர்த்து, நிறுத்து எழுத வேண்டும். எழுதியது என் வேலை. பத்து மணிக்கு மேடம் வந்து விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படிப்பார். 'வைத்தது' பத்தியை அவர் படித்து நான் பார்த்ததில்லை.

"வச்சது நாம சொல்றது. மிச்சம்தான் எலி சொல்றது" என்பார்.

தவறாக எழுதிவிட்டால் அடித்து அழிக்கக் கூடாது. பக்கத்தில் சரியானதை எழுதி, அன்றைய தேதி போட்டு, கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கும்.

இந்த மிச்சப் பைத்தியம் எலியோடு நிற்கவில்லை. கூட வேலை பார்த்த ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு எங்களை எல்லாம் அழைத்திருந்தார்கள். பந்தி நடக்கும்போது மேடத்தைக் காணவில்லை. தேடிப் போனால், எச்சில் தட்டுகளைப் போடும் பெரிய தொட்டி பக்கத்தில் பட்டுப்புடவையோடு நிற்கிறார். சமையல் காண்ட்ராக்டர் ஓடி வந்து, "தீதி, ரான்னா பாலோ ஹொய்னி?" என்றார், சமையல் நன்றாக இல்லையோ என்று பயந்து. பிரமாதம் என்று அவரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "மீன் துளி மீறலை. ரசகுல்லா பாதிக்குப் பாதி மீந்திருக்கு. லெப்டின் கத்தறது இந்த ஊருக்கு இன்னும் கொஞ்சம் காதுல விழறது, பாருங்கோ."

அவரே நல்ல பருமன். மாடிப்படி ஏறினால் நடுவில் ஒரு தடவை நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் ஏதாவது அறிவிப்பைப் படிப்பது போல மூச்சு வாங்குவார். "நான் டயட் குரூப். என் தங்கை கண்ட்ரோல். அதே ஆத்துல இருந்துண்டு வேகவச்ச பூசணிக்காய் தின்னுண்டிருக்கா. பாவம், முகத்துல ஒரு சிரிப்புக் கிடையாது" என்பார். சாயங்காலம் ஷிங்காரா என்னும் சமோசாவை வரவழைத்துத் தின்பார். ஒரு கடி மட்டும் வைத்துவிட்டு, "பாத்தேளா, மிச்சம் வச்சிருக்கேன்" என்று காட்டுவார். தேநீர் முடிந்ததும் அந்த ஒரு கடியும் போய்விடும்.

என் வீட்டுக்குள்ளும் அவர் கண் ஒருமுறை வந்தது. என் மனைவிக்குத் தலைசுற்றல் வந்து, ஆஸ்பத்திரியில் பார்த்து, சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு காகிதத்தில் என்ன சாப்பிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அவள் அதன்படியே நடந்தாள். மூன்று மாதமாகியும் ஒன்றும் குறையவில்லை. என் டப்பாவில் சோறு போய்ச் சப்பாத்தி வந்ததைப் பார்த்து மேடம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கொஞ்சம் யோசித்தார்.

"உங்காத்துல மிச்சத்தை யார் சாப்பிடறா?"

"மீறாது மேடம்."

"ரெண்டு குழந்தைகள் இருக்கற ஆத்துல மீறாதா?"

வீட்டில் போய்க் கேட்டேன். மனைவி சிரித்தாள். "அது ஒரு சாப்பாடா? வீணாப் போகக் கூடாதேன்னு வாயில போடுறது" என்றாள். பாதிப் பரோட்டா, முட்டையில் மஞ்சள், தயிர்ச்சோற்றின் கடைசிப் பிடி, கடித்து வைத்த ஜிலேபி. மேடத்திடம் சொன்னேன். ஒருநாள் முழுக்க அதையெல்லாம் தின்னாமல் ஒரு கிண்ணத்தில் போட்டு வைக்கச் சொன்னார். சாயங்காலத்துக்குள் கிண்ணம் நிறைந்து, இன்னொரு கிண்ணம் எடுக்க வேண்டியதாயிற்று. மனைவி இரண்டு கிண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு, "உங்க மேடம் எலியை விட்டுட்டு என் அடுப்படிக்கு எதுக்கு வந்தாங்க?" என்று கோபித்துக்கொண்டாள். மறுநாளிலிருந்து கிண்ணம் தெருநாய்க்குப் போனது. சர்க்கரை மெதுவாக இறங்கியது. தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு, மேடத்துக்கென்று தனியாக ஒரு பை கட்டி என்னிடம் கொடுத்தாள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அந்த வருஷம் மேடத்துக்குக் கடைசி வருஷம். ஏப்ரலில் ஓய்வு. அதற்குள் முடிக்க வேண்டிய ஆராய்ச்சி இது ஒன்றுதான். ஆகஸ்டில் ஆரம்பித்த பன்னிரண்டு வாரம், துர்கா பூஜை விடுமுறையைத் தாண்டி முடிகிற மாதிரி அமைந்தது. விடுமுறையில் எல்லோரும் போய்விடுவார்கள். எலிக்குத் தீனி வைக்க ஆள் வேண்டும். வழக்கம்போல நான் இருக்கிறேன் என்றேன். பந்தல் கூட்டத்தில் நெருக்கியடித்து நடப்பதைவிட எனக்கு அது சுகம். லட்சுமி பூஜை வரைக்கும் பதினோரு நாள்.

எங்கள் சுவருக்குப் பின்னாலேயே ஒரு பந்தல். காலையிலிருந்து 'டாக்' என்னும் பெரிய மேளம் அதிர்ந்துகொண்டே இருக்கும். வாசலில் இருக்கும் காவலாளிக்கும் எனக்கும் பந்தல்காரர்கள் தினமும் சந்தேஷ் என்னும் பால் இனிப்பு ஒரு பெட்டி அனுப்புவார்கள். காவலாளிக்குச் சர்க்கரை வியாதி. எனக்கு ஒன்று தின்றால் திகட்டும். பெட்டி அப்படியே இருக்கும்.

அஷ்டமி காலை என்று நினைக்கிறேன். இல்லை, அதற்கும் முன்னால், சஷ்டியன்றே ஆரம்பித்துவிட்டேன். வலது வரிசைக்கு உருண்டை வைத்து, சர்க்கரைத் தண்ணீர் புட்டியை மாட்டினேன். இடது வரிசைக்குப் பெல்லட் போட்டேன். இடது வரிசையில் பன்னிரண்டும் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டு நின்றன. வெளியே ஊரெல்லாம் விசேஷம். இங்கே ஒரே பந்தியில் ஒரு பக்கத்துக்கு மட்டும் பாயசம் ஊற்றிக்கொண்டு போகிறேன். மனசு கேட்கவில்லை. ஆறு சந்தேஷை எடுத்து, பாதி பாதியாகக் கிள்ளி, ஆளுக்கொன்று கொடுத்தேன். முன்னங்கால் இரண்டாலும் பிடித்துக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி தின்றன.

சோதனை என்றால் வனஸ்பதியும் சர்க்கரைத் தண்ணீரும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூஜைக்கு ஒரு இனிப்பு அதில் சேரும் என்று தோன்றவே இல்லை. பதினோரு நாளும் கொடுத்தேன். பதினோரு நாளும் மீந்த பெல்லட்டைச் சிந்தாமல் பொறுக்கி, நிறுத்து, சரியாக எழுதினேன். வழக்கத்தைவிட அதிகம் மீந்தது. அதையும் எழுதினேன்.

விடுமுறை முடிந்து எல்லோரும் வந்தார்கள். எடை பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். அத்தோடு அந்த இருபத்து நாலு எலிகளின் கதை முடிந்தது. நாலைந்து நாள் கழித்து ஹார்மோன் அளவுகள் வந்தன. மேடம் பத்து மணிக்கு வந்தவர், பன்னிரண்டு வரைக்கும் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க வாங்கோ" என்று கூப்பிட்டார். "கண்ட்ரோல்ல இன்சுலின் ஏறியிருக்கு. லெப்டினும் ஏறியிருக்கு. எடையும் ஏறியிருக்கு. ஆனா மிச்சத்தைப் பார்த்தா, பதினோரு நாளாக் குறைச்சலாத் தின்னிருக்கு. காத்தைத் தின்னா எடை ஏறுமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்றும் சொல்லாமல் நின்றேன். நான் எப்போதும் ஒன்றும் சொல்லாமல்தான் நிற்பேன் என்பதால் அவருக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை.

அன்று பிற்பகல் துறைத் தலைவர் அவர் அறைக்கு வந்தார். நான் வராந்தா துடைத்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் அந்த ஆள் ஏதாவது குத்துமதிப்பாக எழுதியிருப்பான் என்று தலைவர் வங்காளத்தில் சொன்னது காதில் விழுந்தது. மேடம் உடனே பதில் சொன்னார். "தராசு தப்பா இருக்கலாம். ஹார்மோன் அளக்கற கிட் தப்பா இருக்கலாம். நான் தப்பா இருக்கலாம். அவர் எழுதின மிச்சம் தப்பா இருக்காது."

துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

மறுவாரம் வெள்ளிக்கிழமை, எலிச் சோதனைகளுக்கு அனுமதி தரும் குழு கூடுகிறது. அதில் மேடம் காரணம் சொல்ல வேண்டும். தராசைச் சரிபார்த்தார், சரியாக இருந்தது. கிட்டைச் சரிபார்த்தார், சரியாக இருந்தது. திங்கட்கிழமை முகம் மலர வந்தார்.

"டாக்" என்றார். "சுவருக்குப் பின்னாடி டாக் அடிச்சிருக்கா. எலி பயந்திருக்கு. பயந்தா கார்ட்டிகோஸ்டிரோன்னு ஒரு ஹார்மோன் ஏறும். அது ஏறினா இன்சுலினும் பின்னாடியே ஏறும். பயத்துல தீனியை விட்டிருக்கு. எல்லாம் பொருந்தறது. எடையும், அதே சத்தத்துல வலது வரிசை தீனியை விடாததும்தான் கொஞ்சம் இடிக்கறது. அந்த ஹார்மோனுக்குக் கிட் வர ஒரு மாசம் ஆகும். அதுக்குள்ள குழுவுக்கு இதைச் சொல்லி வைக்கலாம். பூஜைச் சத்தத்தைப் பத்தி யாரும் பார்த்ததில்லை, தெரியுமோ?" பிறகு பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார்: "டாக் அடிச்சப்போ எலியெல்லாம் என்ன பண்ணித்து?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. அதுதான் உண்மை.

"சும்மா இருந்துச்சு மேடம்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார். நான் கொடுத்த சந்தேஷை மேளத்தின் தலையில் போட்டு, நாலு பெரியவர்கள் முன்னால் அவர் பேசப் போகிறார். ஒரு மாதம் கழித்து கிட் வரும். பொய்த்துப் போகும். முப்பது வருஷம் மிச்சத்தைப் பார்த்து வாழ்ந்தவருக்குக் கடைசியில் அதுதான் பேர்.

மனைவியிடம் சொன்னேன்.

"போய்ச் சொல்லிடுங்க" என்றாள்.

"எப்படிச் சொல்றது?"

"வாயால."

"வேலை போயிரும்."

"போனாப் போகுது. கிடர்பூர்ல லாரியே வரலையா? மூட்டையே இறங்கலையா? நீங்க நாளைக்குச் சொல்லிட்டு வாங்க."

மறுநாளும் சொல்லவில்லை, அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலை இரண்டு தடவை அவர் அறை வாசல் வரை போனேன். ஒரு தடவை போனில் இருந்தார். ஒரு தடவை இல்லை. அப்போதும் திரும்பி வந்துவிட்டேன். எலிகள் போன பிறகும் பத்து மணிக்குப் பதிவேட்டைப் புரட்ட வருவார் என்பது நினைவுக்கு வந்தது. எடுத்துப் பழைய பக்கத்தைத் திருப்பினேன். சஷ்டியிலிருந்து லட்சுமி பூஜை வரை பதினோரு தேதி. ஒவ்வொன்றின் ஓரத்திலும் எழுதினேன்: 'இதோடு எலிக்கு அரை சந்தேஷ். இடது வரிசை முழுவதும்.' கீழே அன்றைய தேதியும் கையெழுத்தும். பதினோரு தடவை. புத்தகத்தைத் திறந்தபடி மேஜையில் வைத்துவிட்டுப் போய்க் குழாயைத் திறந்து கூண்டு கழுவ ஆரம்பித்தேன்.

அவர் வந்தது தெரிந்தது. நான் திரும்பவில்லை. வெகு நேரம் கழித்து ஒரு கை வந்து குழாயை மூடியது.

"எந்தக் கடை?"

"பந்தல்காரங்க குடுத்தாங்க மேடம். பஸ் நிக்கிற இடத்துக் கடைப் பேர் போட்ட பெட்டி."

"மெத்துனு இருந்துதா, கெட்டியாவா?"

"மெத்துன்னு."

"மிச்சம் வச்சுதா?"

"இல்ல மேடம். துளிகூட வைக்கலை."

"வைக்காது" என்றார். பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "ஏன் கொடுத்தேள்?"

"ஒரு பக்கத்துக்கு மட்டும் பாயசம் விட்ட மாதிரி இருந்துச்சு."

"என் வருஷம் போனது போகட்டும். இருபத்து நாலு உயிர் போயிருக்கு. அதை வச்சுண்டு என்னால ஒரு வார்த்தை சொல்ல முடியாது. திரும்ப இன்னும் இருபத்து நாலு வாங்கணும். அதுக்குத்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வர்றது."

அவர் குரல் உயரவே இல்லை. எழுந்து போய்விட்டார். மத்தியானம் காவலாளியை அனுப்பி அதே கடையில் ஆறு சந்தேஷ் வாங்கி வரச் சொன்னார். என்னைக் கூப்பிட்டு, அன்று கிள்ளிய மாதிரியே கிள்ளச் சொன்னார். பன்னிரண்டு பாதிகளையும் தனித்தனியாக நிறுத்து, என் எழுத்துக்குக் கீழே எடையை எழுதினார்.

வெள்ளிக்கிழமை என்னையும் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருந்ததால் கூட்ட அறைக்கு வெளியே நின்றேன். கூப்பிடவில்லை. கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை. தலைவர், "அப்போது டாக் என்றே எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

"டாக் இல்லை, சந்தேஷ்" என்றார் மேடம்.

உள்ளே ஒரே சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் யாரோ சொன்னார்: "தீதி, பாதி சந்தேஷ். விட்டுவிடுங்கள். யாருக்குத் தெரியப் போகிறது?"

"பன்னிரண்டு எலிக்குத் தெரியும்" என்றார் மேடம்.

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. ஓய்வுக்கு முன் இன்னொரு முறை செய்து பார்க்க அனுமதி கொடுத்தார்கள். என்னைத் தோட்ட வேலைக்கு மாற்றச் சொன்னார்கள்.

டிசம்பர் முதல் திங்கள் புது எலிகள் வந்தன. தோட்டத்துக்குப் போகும் முன் சாவியைக் கொடுக்க மேடத்திடம் போனேன். மாற்றல் கடிதத்தைத் தாம் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார்.

"வேற ஆள் வச்சுக்கோங்க மேடம்" என்றேன். அவர் சொன்னதை மறுத்து நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"வேற ஆள் தப்புப் பண்ணினா எனக்குத் தெரியவே தெரியாது. நீங்க பண்ணினது தெரிஞ்சுது. எதனால? சந்தேஷைத் தின்னுட்டு எலி பெல்லட்டை விட்டதை உள்ளபடி எழுதியிருந்தேள். நீங்க ஓரத்துல எழுதறதுக்கு முன்னாடியே அது அங்க இருந்துது. எனக்குத்தான் படிக்கத் தெரியலை. மேளத்தைப் பிடிச்சுண்டு தொங்கினேன்."

புதுப் பதிவேட்டை எடுத்தார். ஸ்கேல் வைத்து நான்கு பத்தி கோடு போட்டார். பிறகு ஐந்தாவதாக ஒன்று போட்டார். அதற்குத் தலைப்பு எழுதவில்லை.

"இதுல என்ன மேடம்?"

"எந்த எலியைப் பார்த்தா மனசு கேட்கலையோ, அந்த நம்பரை எழுதுங்கோ. கொடுக்கப்படாது. எழுதணும். நான் பார்க்கறேன்."

முதல் நாள் எனக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றும் எழுதவில்லை. இரண்டாம் நாள் ஐந்து என்று எழுதினேன். மேடம் பத்து மணிக்கு வந்து, நான்கு பத்தியையும் படித்து, ஐந்தாவதில் விரலை நிறுத்தினார்.

"அஞ்சுக்கு என்ன?"

"பக்கத்து வரிசையில சர்க்கரைத் தண்ணி குடிக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு மேடம்."

எழுந்து போய் ஐந்தாம் கூண்டு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் எழுதினேன். சில நாள் ஒரு எண், சில நாள் மூன்று. சங்கராந்திக்கு எல்லா வீட்டிலும் பிட்டே என்னும் பணியாரம் வேகும் நாளில் இடது வரிசை முழுவதையும் எழுதினேன். ஆனால் இனிப்பு எதையும் கொடுக்கவில்லை. ஒருமுறை ஒன்பதை எழுதியிருந்ததைப் பார்த்து, அவர் கையில் எடுத்துப் பார்த்ததில், அதன் பல் நீண்டு மேல்வாயில் குத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. வெட்டிவிட்டார். "இந்தப் பத்தி எல்லா லேப்லயும் வேணும். யார்ட்ட சொல்றது?" என்றார்.

அந்தப் பன்னிரண்டு வாரத்தை வைத்து அவர் எழுதியது பின்னால் அச்சில் வந்தது. எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. இந்த முறை இரண்டு வரிசைக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி இருக்கிறது என்று மட்டும் எனக்குச் சொன்னார்.

பிப்ரவரி கடைசியில் பன்னிரண்டாம் வாரம் முடிந்தது. மறுநாள் காலை ரத்தம் எடுக்க வேண்டும். அத்தோடு இந்த எலிகளின் கதையையும் முடிக்க வேண்டும். அன்று மிச்சத்தை நிறுத்து எழுதிவிட்டு, ஐந்தாம் பத்தியில் ஒன்று முதல் இருபத்து நாலு வரைக்கும் எழுதினேன். கொழுத்த வரிசையையும் சேர்த்து. இடம் போதாமல் எண்கள் ஓரம் வரை போயின.

மேடம் பத்து மணிக்கு வந்தார். விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ஒன்றையும் விடவில்லை. முடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"நாளைக்கு நீங்க வர வேண்டாம்" என்றார். "நாங்களே பார்த்துக்கறோம்."

"வர்றேன் மேடம்" என்றேன்.